மருத்துவ பீடம் தொடங்கும்வரை உதவி ஆசிரியராகப் பணிபுரியலாமா?

கேள்வி: உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் தோற்றி, மருத்துவ பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதிக்குத் தேவையான ஆகக் குறைந்த புள்ளியை, தாண்டியிருக்கிறேன். பீடம் தொடங்க இன்னும் பல மாதங்கள் உள்ளன. எனக்குக் கற்பித்த உயிரியல் ஆசிரியர் தமது தனியார் கல்வி நிலையத்தில் உதவியாளராக வரும்படி கேட்கிறார். போகலாமா, முதலாம் ஆண்டுப் பாடங்களை இப்போதே படிக்கத் தொடங்கலாமா?

போங்கள் என்பதே என் பதில். ஆனால் அங்கே உங்களுக்குத் தரப்போகும் வேலை எது என்பதைத் தெளிவாகக் கேட்டறிந்த பின்னர் போங்கள்.

நான் 2014 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதினேன். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு என்று ஒவ்வொன்றாக வந்துசேர, பீடத்துக்குள் நுழைய ஓராண்டுக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் உங்களைப் போலவே என்னையும் என் ஆசிரியர் அழைத்தார். முதல் இரண்டு மாதங்கள் அமைப்புக் கட்டுரை விடைகளைத் திருத்துவது மட்டுமே என் வேலையாக இருந்தது. புள்ளித்திட்டத்தில் உள்ள சொல் விடைத்தாளில் இருந்தால் புள்ளி, இல்லாவிட்டால் இல்லை. இரவு பதினொரு மணிவரை சிவப்புப் பேனையோடு உட்கார்ந்திருந்தும், அந்த இரண்டு மாதங்களில் நான் எதையும் கற்கவில்லை, எவருக்கும் எதையும் கற்பிக்கவுமில்லை.

மூன்றாம் மாதம், இரண்டாந்தடவை தோற்றவிருந்த ஏழு பேரைச் சனிக்கிழமைகளில் தனியாக மீட்டல் செய்விக்கும்படி ஆசிரியர் கேட்டுக்கொண்டார். குருதி குளுக்கோசின் சீராக்கம் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், கடைசி வாங்கில் இருந்த ஒரு பிள்ளை, "அக்கா, நீரிழிவுக்காரரின் குருதியில் குளுக்கோசு கூடத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அவர்களுக்குப் பசிக்கிறது, ஏன் உடம்பு மெலிகிறது?" என்று கேட்டாள். சதையி, இன்சுலின், கிளைக்கோசன் என்று புள்ளித்திட்டத்தில் உள்ள எல்லாச் சொற்களும் எனக்கு மனப்பாடமாக இருந்தன. அவற்றைக் கொண்டு அவளுடைய கேள்விக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமைதான் சொன்னேன்: முற்றத்தில் நெல் மூட்டைகள் குவிந்து கிடக்கின்றன, வீட்டுக் கதவின் திறப்பைக் காணவில்லை, உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கிறார்கள். தசைக் கலங்களும் கொழுப்புக் கலங்களும் அந்த வீடு, இன்சுலின் அந்தத் திறப்பு. உள்ளே போக முடியாத குளுக்கோசு அளவு மீறும்போது சிறுநீரோடு வெளியேறுகிறது, போகும்போது நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் தாகம் என்று தொடர்ந்தபோது, மெலிவுக்கான காரணத்தை, வீட்டுக்குள் இருப்பவர்கள் வேறு வழியின்றிச் சேமிப்பைத் தின்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையே சொல்லி முடித்தாள். என்னை நான் ஒரு வைத்தியராக முதன்முதலில் எண்ணிப் பார்த்தது பெறுபேறு வந்த அன்று அல்ல, அந்தப் பிற்பகலில்தான்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மருத்துவ பீடத்தில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில் நடக்கும், நோயாளர் விடுதியில் நோயாளியின் வரலாற்றை ஆங்கிலத்தில்தான் சமர்ப்பிப்பீர்கள். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் தமிழில் கேட்பார், தமிழிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து ஆண்டுப் படிப்பில் இந்தத் திறமையைத் தனியாக எடுத்துப் பயிற்றுவிக்க எவருக்கும் நேரம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இன்று நீரிழிவுக் கிளினிக்கில், மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று கேட்கும் முதியவரிடம் நான் பேசும் தமிழ், அந்த ஏழு பேரிடம் தட்டுத்தடுமாறிப் பழகியதே.

முதலாம் ஆண்டுப் பாடங்களை முன்கூட்டியே படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உடற்கூற்றியலை, உடலைக் கண்ணால் காணாமலும் கையால் தொடாமலும், புத்தகத்திலிருந்து மட்டும் படித்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடும். தமிழ்மொழி மூலம் படித்தவராயின் உங்களுக்கு இப்போது தேவைப்படுவது ஆங்கிலம். நாடி, நாளம், சிறுநீரகத்தி என்று இத்தனை ஆண்டுகள் பழகிய சொற்கள் அனைத்தும் முதல் விரிவுரையிலேயே ஆர்ட்டரி, வெயின், நெஃப்ரோன் என்று மாறி வரும்போது, தெரிந்த பாடமே தெரியாத பாடம் போலத் தோன்றும். நான் அதில் திகைத்து நின்றேன். ஆகவே கற்பிக்க ஆயத்தம் செய்யும் ஒவ்வொரு அலகுக்கும், தமிழ்ச் சொல்லின் அருகில் ஆங்கிலச் சொல்லை எழுதி ஒரு கொப்பியைப் பேணுங்கள். அந்த அலகை ஆங்கிலத்தில் ஒருமுறை வாசித்துவிட்டுத் தமிழில் கற்பியுங்கள்.

இன்னொன்றை என் தவறிலிருந்தே சொல்ல வேண்டும். பீடம் தொடங்கிய பின்னரும் வார இறுதிகளில் நான் நான்கு மாதங்கள் கற்பிக்கப் போனேன். நமக்குப் படிப்பித்த சேர் கேட்கும்போது மறுப்பது எளிதல்ல, வீட்டுக்கும் அந்தப் பணம் உதவியாக இருந்தது. உடற்கூற்றியலின் முதல் மதிப்பீட்டில் நான் சித்தியடையவில்லை, விடுபட்டதைப் பிடிக்க அந்த ஆண்டு முழுவதும் ஓட வேண்டியிருந்தது. ஆகவே பணியில் சேரும் நாளிலேயே, பீடத்தில் பதிவு செய்யும் வாரத்தோடு நிறுத்திக்கொள்வேன் என்று சொல்லிவிடுங்கள். கொடுப்பனவையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. உங்கள் படத்தை விளம்பரப் பதாகையில் போடலாமா என்பதும் உங்கள் சம்மதத்துக்கு உரியது.

இதே கேள்வியோடு இருக்கும் வேறு சிலருக்கும் ஒரு சொல். இலங்கையில் உயிரியல் பிரிவு இடங்களில் 40 வீதம் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுவதால், வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்; ஆகவே எல்லைக்கு மிக அருகில் இசட் புள்ளி (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) பெற்றவர்கள் வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை நிம்மதியின்றி இருப்பார்கள். மீண்டும் தோற்ற நேரலாம் என்ற நிலையில் உள்ளவர்கள் இந்த வேலையை ஏற்க வேண்டாம். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் மட்டுமே தோற்ற முடியும் என்பதால், அந்த மாதங்கள் தம் படிப்புக்கே தேவை.

உங்கள் இடம் உறுதியாகிவிட்டது. ஆசிரியரைச் சந்திக்கும்போது, விடைத்தாள் திருத்துவதோடு, வகுப்பில் பின்தங்கியிருக்கும் ஐந்தாறு பேரை வாரத்தில் ஒரு நாளேனும் உங்களிடம் ஒப்படைப்பாரா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்த சனிக்கிழமையே தொடங்கிவிடுங்கள். திருத்துவது மட்டும்தான் என்றால், நன்றி சொல்லிவிட்டு, அருகிலுள்ள ஏதாவது ஒரு பாடசாலையில் அப்படி ஐந்தாறு பேர் இருக்கிறார்களா என்று அதிபரிடம் விசாரியுங்கள். கட்டாயம் இருப்பார்கள்.