நிமிர்ந்தால் ஏன் வலிக்கிறது?

அன்புள்ள ஐயா,

வங்கி வேலை. சாயங்காலத்துக்குள் கழுத்தும் தோளும் கல்லாகிவிடுகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுமுதுகு வலிக்கிறது. உடம்பை இறுக்கும் பழக்கங்களை விடக் கற்றுத்தரும் அலெக்சாண்டர் டெக்னிக்கை வீட்டிலேயே பழக முடியுமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நிமிர்வதாக நினைத்து நெஞ்சைத் தூக்கி இடுப்பை வளைக்கிறீர்கள் போல. கூன் என்ற இறுக்கத்தின் மேல் இன்னொரு இறுக்கம். பத்து நிமிடம் தாங்கியதே அதிகம்.

இந்த முறையை உருவாக்கிய எஃப். எம். அலெக்சாண்டர் (1869–1955) ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த மேடைக் கலைஞர். மேடையில் குரல் கம்மியதால் கண்ணாடி முன் பேசிப் பார்த்தார். பேச்செடுத்ததுமே தலை பின்னால் இழுபட்டது, குரல்வளை அமுங்கியது. திருத்திவிட்டோம் என்று உடம்பு சொன்னபோதும் கண்ணாடி இல்லை என்றது. அதன்பின் சரியான நிலையைத் தேடுவதை விட்டு, தவறானதை நிறுத்தப் பழகினார்.

நாற்காலி நுனியில் உட்காருங்கள். மண்டையும் கழுத்தும் சேரும் பிடரியில் ஒரு கையை வைத்துக்கொண்டு எழுந்திருங்கள். அநேகமாகக் கைக்கடியில் தசை திரளும், மோவாய் மேலே போகும். மறுபடி உட்கார்ந்து, எழ வேண்டும் என்று நினையுங்கள், எழாதீர்கள். பலருக்கு அந்த நினைப்புக்கே பிடரி இறுகும். அது அடங்கட்டும். பிறகு பாதங்களைச் சற்று உள்ளே இழுத்து, தொடை மடிப்பில் முன்னால் சாயுங்கள். பெல்ட் கட்டும் இடத்தில் மடங்கினால் முதுகுதான் வளையும். எடை பாதத்துக்கு வந்ததும் எழுங்கள்.

தினமும் 15 நிமிடம் பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கிப் படுங்கள். தலைக்கடியில் தலையணை அமுங்கும், புத்தகம் வையுங்கள். மோவாய் கூரையைப் பார்த்தால் இன்னொன்று சேருங்கள். தொண்டை நெரிந்தால் ஒன்றை உருவுங்கள். எழும்போது பக்கவாட்டில் உருண்டு எழ வேண்டும்.

வீட்டில் இவ்வளவுதான் முடியும். பிரிட்டனில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 579 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி. அலெக்சாண்டர் டெக்னிக் ஆசிரியரிடம் 24 வகுப்பு போனவர்களுக்கு 3 நாள், ஆறு வகுப்புக்கு 11. கழுத்துவலிக்கும் இதே கணக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆசிரியர் கிடைக்காவிட்டால், எழுந்து உட்காருவதைப் பக்கவாட்டில் கைபேசியில் படம் பிடியுங்கள். கை மரத்தாலோ வலு குறைந்தாலோ இதெல்லாம் அப்புறம், முதலில் டாக்டர்.