நல்ல நிறுவனம்தான், விலை சரியா?

கேள்வி: தொழில்நுட்ப நிறுவனப் பங்குகளை வாங்கவென்று ஒரு தொகை சேர்த்து வைத்திருக்கிறேன். விலை இறங்கட்டும் என்று ஓராண்டாகக் காத்திருந்தேன், ஏறிக்கொண்டே போகிறது. தவறவிட்டுவிட்டோமே என்று தூக்கம் வரவில்லை. மொத்தமாக வாங்கிவிடலாமா? எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்? (இதில் ஒரு பகுதி இரண்டு ஆண்டுகளில் மகளின் கல்லூரிச் செலவுக்குத் தேவைப்படும்.)
— வாசகி ஒருவர்

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்களே, அந்த வரிதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. மகளின் படிப்புப் பணத்தை இன்றே பிரித்து வங்கியில் வைப்புத் தொகையாகப் போட்டுவிடுங்கள். தொழில்நுட்ப நிறுவனப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048 புள்ளிகளில் இருந்தது. 2002 அக்டோபரில் 1,114. பழைய உச்சத்தை மீண்டும் தாண்டியது 2015 ஏப்ரலில். கல்லூரிச் சேர்க்கை அதுவரை காத்திருக்காது, அம்மா.

இனி மீதிப் பணம். எந்தத் தேதியில் வாங்குவது என்று என்னால் மட்டுமல்ல, யாராலும் சொல்ல முடியாது. என்ன விலை கொடுக்கிறோம் என்பதை மட்டும் பார்க்க முடியும். மைக்ரோசாஃப்ட் பங்கை 1999 டிசம்பர் உச்சத்தில் வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். அவர் தேர்ந்தெடுத்த நிறுவனத்தில் குறையே இல்லை. 2000 நிதியாண்டில் சுமார் 2,300 கோடி டாலராக இருந்த அதன் விற்பனை, 2014இல் 8,600 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் பங்கு விலை பழைய உச்சத்துக்குத் திரும்பியது 2016இல்தான். இடையில் வந்த டிவிடெண்ட், அதாவது நிறுவனம் தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் தொகை, மட்டுமே ஆறுதல்.

காரணம் எளிய கணக்கு. ஒரு பங்கின் விலை 300, அதற்குரிய ஆண்டு லாபம் 5 என்று வையுங்கள். ஆண்டு லாபத்தைப் போல 60 மடங்கு கொடுத்து வாங்குகிறீர்கள். பத்து ஆண்டுகளில் லாபம் மூன்று மடங்காகி 15 ஆகிறது, அருமையான வளர்ச்சி. ஆனால் அப்போது சந்தை 20 மடங்குதான் தர முன்வருகிறது என்றால், விலை அதே 300. வளர்ச்சி முழுவதற்கும் முதல் நாளிலேயே பணம் கட்டிவிட்டீர்கள். அதனால் வாங்குமுன் விலையை லாபத்தால் வகுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. ஆசை மேலோங்கும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

மொத்தமாகப் போட வேண்டாம். பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதத் தவணைகளாகப் பிரித்துப் போடுங்கள். சந்தை ஏறிக்கொண்டே போனால், மொத்தமாகப் போட்டவரைவிட உங்களுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கிடைக்கும். அதை மறைக்க மாட்டேன். ஏற்றத்தைப் பார்த்தே தூக்கம் போகிறது என்கிறீர்கள். போட்ட மறுமாதமே சரிந்தால் பதறி விற்றுவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

எத்தனை ஆண்டுகள்? பத்து ஆண்டுகள் தொட வேண்டியிராத பணமாக இருக்கட்டும். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருக்கச் சொல்லவில்லை. அமேசான் பங்கு 1999 டிசம்பரில் 100 டாலருக்கு மேல் விற்றது. 2001 இலையுதிர் காலத்தில் 6 டாலர் அளவுக்கு வந்தது. பொறுத்தவர்கள் பின்னாளில் பெரும் பணம் பார்த்தார்கள். அதே சரிவில், செல்லப்பிராணிகளுக்கான பொருட்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம் 2000 நவம்பரில் கடையையே மூடிவிட்டது. அங்கே பொறுமைக்குப் பலன் இல்லை. விலையின் சரிவை மட்டும் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். ஒவ்வொரு பங்கையும் வாங்குமுன், இந்த நிறுவனத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அது ஏன் பெருகும் என்று மூன்று வரி எழுதுங்கள். ஆண்டறிக்கை வரும்போதெல்லாம் அந்த வரிகளோடு ஒப்பிடுங்கள். காரணம் பொய்த்துப்போனால் நஷ்டமானாலும் விற்றுவிடுங்கள். காரணம் நிற்கிறது, விலை மட்டும் இறங்கியது என்றால் வைத்திருங்கள். மூன்று வரி எழுத வரவில்லையா? அந்தப் பங்கு வேண்டாம். அந்தத் தவணையை, பல துறை நிறுவனங்களையும் உள்ளடக்கிய ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைத்திருக்கும் நிதி) போடுங்கள்.