மணிக்கட்டுக்குக் காலெலும்பு வைக்கலாமா?

கேள்வி: ஆம்பூரில் ஷூ கம்பெனியின் தையல் பிரிவில் வேலை பார்க்கும் என் தங்கைக்கு வயது 29. வலது மணிக்கட்டில் வந்த வீக்கத்தைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டோம். இப்போது சதைப் பரிசோதனையில் ‘ஜெயண்ட் செல் டியூமர்’ என்று தெரிந்து, எலும்பின் முனையை அகற்றிவிட்டுக் கால் எலும்பை வைக்க வேண்டும் என்கிறார்கள். கால் ஊனமாகிவிடுமா? அவளால் மறுபடியும் தைக்க முடியுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: இது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டே வளரும் கட்டி. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருவது. எலும்புக்குள் அடங்கியிருக்கும் வரை அதைச் சுரண்டி எடுத்து, குழியை எலும்பு சிமென்ட்டால் நிரப்பி மூட்டைக் காப்பாற்றிவிடலாம். எலும்பின் வெளிச்சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ரேடியஸ் எலும்பின் கீழ்முனையையே பெரும்பாலும் எடுக்க வேண்டியிருக்கும். இனி அந்தக் கையை உருவவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மெலிந்த எலும்பு முறிந்தால் சிகிச்சை சிக்கலாகும்.

கால் ஊனமாவது அரிது. உடற்பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குவது முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு. எடுக்கப்படுவதோ அதன் வெளிப்பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஃபிபுலாவின் மேற்பகுதி. கணுக்கால் உறுதிக்காக அதன் கீழ்ப்பகுதியை விட்டுவிடுவார்கள். ஃபிபுலாவின் தலை எனப்படும் மேல்முனைக்குச் சற்றுக் கீழே, அதன் கழுத்தைச் சுற்றிச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் பாதம் தொய்ந்துவிடும் என்பதால், அதைப் பத்திரமாக ஒதுக்கி வைத்தே அறுவை நடக்கும்.

தையலைப் பொறுத்தவரை, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மணிக்கட்டு அசைய வேண்டுமா, அசையாமல் உறுதியாக இருந்தால் போதுமா? ஃபிபுலாவின் தலையை மூட்டாகப் பொருத்தினால் ஓரளவு அசைவு மிஞ்சும். ஆனால் நாளடைவில் மூட்டு விலகவும் தேய்ந்து வலிக்கவும் கூடும். தகடு வைத்து ஃபிபுலாவை மணிக்கட்டு எலும்புகளோடு இணைத்துவிட்டால் மணிக்கட்டு மடங்காது. ஆயினும் விரல்கள் மடங்கும், முன்கையைத் திருப்பலாம், பிடியும் வலுவாக இருக்கும். நாள் முழுவதும் தோலை அழுத்திப் பிடித்து ஊசிக்கு நகர்த்தும் கைக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து. ஸ்கேனைப் பார்த்த மருத்துவரே முடிவு சொல்ல வேண்டும். அவரிடம் தங்கையின் வேலையை விளக்கிச் சொல்லுங்கள். தொழுநோயால் விரல் மடங்கிய கைகளை வேலூரில் சீரமைத்த டாக்டர் பால் பிராண்ட், அந்தக் கைகளுக்குத் தொழிற்பயிற்சியும் சேர்த்தே ஏற்பாடு செய்தார். மருத்துவர் சம்மதித்தால், அறுவைக்கு முன் சில நாட்கள் மணிக்கட்டை அசையவிடாத பட்டையை அணிந்து, சிறு வேலைகளைச் செய்து பார்க்கட்டும்.

வைத்த எலும்பு கூடுவதற்குப் பல மாதங்களாகும். விரல் பயிற்சியை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. இந்தக் கட்டி திரும்ப வருவது பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான். புற்றுநோய் அல்லாவிட்டாலும், அபூர்வமாக நுரையீரலுக்கும் செல்லும். எனவே கை நன்றாக இருந்தாலும், மருத்துவர் சொல்லும் நாட்களில் மார்பு எக்ஸ்ரேவையும் தவறாமல் எடுக்கச் சொல்லுங்கள்.