கணவர் கத்தாரில்: அவர் ஏடிஎம் கார்டை வைத்தே குடும்பம் நடத்தலாமா?

கேள்வி: பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் வீட்டுக்காரர் எட்டு மாதமாகக் கத்தாரில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார். மாதம் 35,000 ரூபாய் தன்னுடைய பழைய சேமிப்புக் கணக்குக்கு அனுப்புவார். அவர் ஏடிஎம் கார்டை வைத்து நான் எடுத்துக்கொள்வேன். விசாவுக்காக மூணு வட்டிக்கு வாங்கிய 2 லட்சம் அப்படியே நிற்கிறது. அவர் பெயரில் ஒன்றரை ஏக்கர் சம்பா, வீட்டில் மாமியார், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், வரிசையாக மொய். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. போன் வந்தாலே பணச் சண்டைதான். என்னிடம் 5 பவுன் சங்கிலி இருக்கிறது. விற்றுவிடலாமா?

பதில்: விற்க வேண்டாம், சகோதரி. அடகு வையுங்கள், அதுவும் வங்கியில். மூணு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். 2 லட்சத்துக்கு மாதம் 6,000, வருடத்துக்கு 72,000. எட்டு மாதத்தில் 48,000 ரூபாய் போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. உங்கள் கையில் பணம் நிற்காததற்கு நீங்கள் ஊதாரி என்பது காரணமல்ல, இந்த வட்டிதான் காரணம். இதை அவருக்கும் சொல்லுங்கள்.

5 பவுன் என்பது 40 கிராம். இன்றைய தங்க விலைக்கு வங்கியில் 2 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 20,000தான். அந்தப் பணத்தில் வெளிக்கடனை ஒரே தடவையில் அடைத்து, எழுதிக்கொடுத்த புரோநோட்டைக் கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள். வட்டிக்குப் போன 6,000த்துடன் இன்னும் 9,000 சேர்த்து, மாதம் 15,000 நகைக்கடனில் கட்டிவாருங்கள். தை அறுவடைப் பணமும் சேர்ந்தால் ஓராண்டுக்குள் சங்கிலி கழுத்துக்கு வந்துவிடும்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்த ஏடிஎம் கார்டுதான். காவிரி டெல்டாவில் வெளிநாடு போனவர்கள் வீட்டில் எல்லாம் இதே பழக்கம். கணக்கு அவருடையது, வங்கி விதிப்படி அந்தக் கார்டை நீங்கள் பயன்படுத்தக் கூடாது. கார்டு தொலைந்தாலோ, அவருக்கு அங்கே உடம்புக்கு ஏதாவது என்றாலோ, வங்கியில் போய் நின்று கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது. கையில் பணம் இருந்தும் இல்லாத நிலை. வேலைக்காக வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் தம் உள்நாட்டு வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்காக, மாற்ற வேண்டும் என்பதும் விதி. அங்கிருந்து வரும் சம்பளத்துக்கு என்ஆர்இ எனும் வெளிநாட்டு வருமானக் கணக்கு ஒன்று தொடங்கலாம். அதன் வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அதில் உங்கள் பெயரையும் சேர்க்கலாம்; ஆனால் அவர் இருக்கும்வரை அவருடைய அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) இருந்தால்தான் நீங்கள் அதை இயக்க முடியும். இதற்கான வங்கிப் படிவத்தில் அவர் கையெழுத்து போட்டே ஆக வேண்டும்.

வீட்டுச் செலவுப் பணத்தை மட்டும் நேராக உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். கணவர் மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வரி கிடையாது. கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று உண்டியலில், அதாவது வங்கி வழியாக இல்லாமல் ஆள் மூலம் கைமாற்றி, மட்டும் அனுப்ப வேண்டாம். அது சட்டவிரோதம், நடுவில் பணம் போனால் கேட்க நாதி கிடையாது.

நெல்லுக்கும் இந்தக் கணக்கு விஷயம் முக்கியம். நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் அவர் பெயரில் இருப்பதால் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணமும் அவர் கணக்குக்குத்தான் வரும். கணக்கு மாறினால் அங்கே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்பாவுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததைப் பார்த்த ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் மொய். உங்கள் பகுதியில் அதைத் தவிர்க்கவே முடியாது, தவிர்க்கச் சொல்லவும் மாட்டேன். நமக்கு வந்ததைத் திருப்புவது கடனை அடைப்பதுதான். மொய் நோட்டை எடுத்து, யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மாமியாரோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். நகைக்கடன் தீரும்வரை வாங்கிய அளவுக்கே திருப்புங்கள், புது மொய் போட வேண்டாம். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் உறவுக்காரர்கள் புரிந்துகொள்வார்கள்.

மகளுக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். வருடம் 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். கடன் தீர்ந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

போன் சண்டைக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. பணக் கணக்கை அன்றைக்கு மட்டும் பேசுங்கள், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு. மற்ற நாள்களில் மகள் பேசட்டும். எட்டு மாதமாக வெயிலில் தனியாக இருப்பவருக்கு அந்தக் குரல்தான் தேவை. வருகிற வெள்ளிக்கிழமை இரண்டே விஷயம் கேளுங்கள்: வங்கிப் படிவத்தில் எப்போது கையெழுத்து போட்டு அனுப்புவார், போகும்போது எடுத்த காப்பீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது. அவருடைய பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், கம்பெனி போன் நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, ஒரு பிரதி பீரோவில் வைத்துவிடுங்கள்.