செல் பிரியத் தொடங்கிவிட்டால் ஏன் பாதியில் திரும்புவதில்லை?

செல் எப்போது பிரிய வேண்டும் என்று எது தீர்மானிக்கிறது, தொடங்கியபின் ஏன் பின்வாங்குவதில்லை என்பது கேள்வி.

கொடைக்கானலில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லித்தருகிறேன். எங்களுக்குப் பூம்பாறைப் பூண்டுதான் ஆய்வுக்கூடம். குளிருக்கு வேர் விடத் தாமதமாகும். வேர் நுனியை அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடிச் சில்லுக்கு அடியில் நசுக்கிப் பார்த்தால், பெரும்பாலான செல்களில் உட்கரு வெறும் சிவப்பு உருண்டை. அங்கங்கே ஒன்றில் மட்டும் 16 குரோமோசோம்களும் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். பக்கத்துச் செல் சும்மா இருக்க, இதற்கு மட்டும் யார் சொன்னது?

எந்தப் புரதமும் தனியாகச் சொல்வதில்லை. அவை ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பின்னிக் கிடக்கும் விதம்தான் தீர்மானிக்கிறது. பாடப்புத்தகத்து வட்டப் படத்தில் இந்தப் பின்னல் தெரியாது, அதுதான் எனக்கு வருத்தம்.

நடுவில் இருப்பது சிடிகே1 என்ற நொதி. சைக்ளின் சேராமல் அது இயங்காது. சைக்ளின் என்பது 1982-இல் உயிரியலாளர் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்ட புரதம்; மெல்ல மெல்லச் சேரும், பிரிதலின்போது சட்டென்று மறையும். சரி, சைக்ளின் மெல்ல ஏறும்போது செல் மட்டும் ஏன் ஒரேயடியாகத் தாவுகிறது? வீ1 என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டி சிடிகே1-ஐ முடக்குகிறது. சிடிசி25 அந்த பாஸ்பேட்டை எடுத்துவிடுகிறது. விழித்த சிடிகே1, வீ1-ஐ அடக்கி சிடிசி25-ஐ மேலும் தூண்டும். கொஞ்சம் விழித்தால் போதும், முழுக்க விழித்துவிடும்.

1993-இல் நோவாக், டைசன் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சமன்பாடுகளாக எழுதினார்கள். அதிலிருந்து ஒரு கணிப்பு வந்தது: பிரிதலுக்குள் நுழைய நிறைய சைக்ளின் வேண்டும், நுழைந்தபின் அதிலேயே நீடிக்கக் குறைவாக இருந்தாலே போதும். 2003-இல் தவளை முட்டைச் சாற்றில் அளந்தார்கள். நுழைய வேண்டிய அளவு, நீடிக்க வேண்டியதைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இந்த இடைவெளிதான். சைக்ளின் சற்று ஏறி இறங்கினாலும் செல் ஊசலாடாது.

பூண்டிலும் சைக்ளினும் சிடிகேயும் உண்டு. நுணுக்கங்கள் தாவரத்துக்குத் தாவரம், விலங்குக்கு விலங்கு மாறும்.

அப்புறம், வெளியே வருவது எப்படி? அதே சிடிகே1 சற்றுத் தாமதித்து ஏபிசி என்ற புரதக் கூட்டை இயக்கிவிடுகிறது. அது சைக்ளினை அழிக்க, சுற்று முதலிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ஒரே ஒரு குரோமோசோம், அதை இழுத்துப் பிரிக்கும் கதிர் இழையில் மாட்டாமல் இருந்தாலும், அது மாட்டும்வரை ஏபிசிக்குத் தடை நீளும்.