உள்நாட்டுப் போர்களில் ஊர்மக்களைக் கொண்டு அமைக்கப்படும் ஆயுதக் குழுக்களால் உண்மையில் என்ன பயன்?

சண்டை போடுவதைவிட ஆளை அடையாளம் காட்டுவதுதான் இவர்களுடைய முதல் வேலை. தலைநகரிலிருந்து வந்த சிப்பாய்க்கு மலைக் கிராமத்தில் யார் விவசாயி, யார் கெரில்லா என்று தெரியாது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆபத்தும் அங்கேயேதான் இருக்கிறது. வரப்புத் தகராறும் குடும்பப் பகையும் "இவன் அவர்கள் ஆள்" என்ற ஒரு வார்த்தையில் கொலையாக முடிந்துவிடும்.

ஒரு குழுவைப் பற்றிப் படிக்கும்போது, அது தானாகத் திரண்டதா, திணிக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். பெருவில் ஒளிரும் பாதை என்ற மாவோயிச கெரில்லா இயக்கத்தை ஊர்க்காரர்களே எதிர்த்தார்கள். அதற்குப் பழிவாங்கலாக 1983 ஏப்ரலில் லுகனாமார்கா என்ற ஊரில் அந்த இயக்கத்தால் 69 பேர் கொல்லப்பட்டார்கள். கிராமத்துக்கு ஆயுதம் வந்துவிட்டால் எதிரியின் கண்ணில் அங்கே பொதுமக்கள் என்று யாரும் மிஞ்சுவதில்லை. பெருவின் இந்த ஊர்த் தற்காப்புக் குழுக்களுக்கு அரசு சட்ட அங்கீகாரம் கொடுத்தது 1991இல்தான்.

குவாத்தமாலாவில் நிலைமை தலைகீழ். 1980களின் தொடக்கத்தில் மலைப்பகுதி ஆண்களை ராணுவம் சம்பளமில்லாமல் கட்டாய ரோந்துக்கு அனுப்பியது. மறுத்தவர் கெரில்லா ஆதரவாளர் என்று சந்தேகிக்கப்பட்டார். உச்சத்தில் ஏறத்தாழ 9 லட்சம் பேர். போர்க்கால மனித உரிமை மீறல்களை விசாரித்த உண்மை ஆணையம் 1999இல் பதிவுசெய்தவற்றில் 18 சதவீதத்தில் இவர்களுக்குப் பங்கு இருந்தது.

அடுத்து எல்லையையும் காசையும் பார்க்க வேண்டும். சொந்த ஊரைக் காக்கும் குழுவைப் பக்கத்து ஊரில் சோதனைக்கு அனுப்பும் நாளிலேயே அதன் தன்மை மாறிவிடுகிறது. சம்பளமும் தோட்டாவும் அரசின் கையில் இருக்கும்வரை ஓரளவு கட்டுப்பாடு இருக்கும். சுயவருமானம் வந்தால் அதுவும் போய்விடும். சூடானின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில் 2003 முதல் அரசு ஏவிவிட்ட ஆயுதக் குழுக்கள் 2013இல் அதிவிரைவு ஆதரவுப் படையாக உருவெடுத்தன. 2017இல் அந்தப் படைக்குச் சட்ட அந்தஸ்து கிடைத்தது, அதே ஆண்டு ஜெபல் ஆமிர் தங்கச் சுரங்கப் பகுதியும் அதன் கைக்கு வந்தது. 2023 ஏப்ரல் 15 முதல் அது ராணுவத்தையே எதிர்த்துப் போரிடுகிறது.

பலரும் கவனிக்காதது, வேலை முடிந்தபின் குழுவைக் கலைப்பது. கொடுத்த துப்பாக்கிகளின் எண்களும் ஆட்களின் பெயர்ப் பட்டியலும் தொடக்கத்திலேயே எழுதி வைக்கப்படாவிட்டால், பின்னால் எதைத் திரும்பப் பெறுவது, யாருக்கு வேலை கொடுப்பது என்றே தெரியாது. ஈராக்கில் மாதம் ஏறத்தாழ 300 டாலருக்கு அல்-கொய்தாவுக்கு எதிராக அமெரிக்கா வைத்திருந்த உள்ளூர் சுன்னி முஸ்லிம் காவலர்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்குப் பாதுகாப்புப் படைகளில் இடம் தருவதாக வாக்குறுதி இருந்தது. 2008இல் பொறுப்பு பாக்தாத் அரசுக்கு மாறியதும் சம்பளமும் வேலையும் இழுபறியாயின. குவாத்தமாலாவின் ரோந்துக் குழுக்கள் 1996இல் கலைக்கப்பட்டன. 2002இல் முன்னாள் ரோந்துக்காரர்கள் பெத்தேன் பகுதியில் சாலைகளை மறித்து, அன்று செய்த வேலைக்குக் கூலி கேட்டார்கள்.