பாய்மரப் படகில் பிமினி நிழற்கூரை பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்துக்கு மேலே குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டும் துணிக்கூரைதான் பிமினி. பஹாமாஸில் இதே பெயரில் தீவுகள் உண்டு. பழைய சைக்கிள் ரிக்‌ஷாவின் மடக்குக் கூரை நினைவிருக்கிறதா? ஏறக்குறைய அதே அமைப்பு.

மோட்டார் படகில் இது சுலபம். பாய்மரப் படகில் தலைக்கு மேலே பூம் இருக்கிறது, அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டை. அது இடம் வலமாக வீசும், பாயைச் சுருக்கும்போது கொஞ்சம் கீழேயும் இறங்கும். அதனால் உயரத்தைப் பூம் ஓய்வாக நிற்கும்போது அளக்காமல், மிகத் தாழும் நிலையில் வைத்து அளக்க வேண்டும். அதற்குக் கீழே கூரை, கூரைக்குக் கீழே உங்கள் தலை. சின்னப் படகுகளில் இந்தக் கணக்கு பல நேரம் ஒத்து வராது. அப்போது நங்கூரமிட்ட பிறகு மட்டும் விரித்துக்கொள்ளலாம். பூமை இயக்கும் கயிறும் பாய்மரத்தைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பியும் துணியில் உரசக் கூடாது. பாயைப் பார்க்கக் கூரையில் ஒரு கண்ணாடித்தாள் சன்னல் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கழுத்து வலிதான் மிச்சம்.

பெரும்பாலும் குழாய் துருப்பிடிக்காத எஃகு, துணி அக்ரிலிக். பலத்த காற்று வரும் முன்பே மடக்கிவிட வேண்டும். விரித்த கூரையும் ஒரு பாய்தான்.

அப்புறம், நிழலில் இருந்தால் தோல் கருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் பக்கவாட்டிலிருந்து வரும், அதைக் கூரை தடுக்காது.